மூச்சு வாங்குகிறவர் நடக்கலாமா? நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடங்குவோருக்கு

சீட்டில் 'சி.ஓ.பி.டி.' (மூச்சுக்குழாய்கள் சுருங்கிக் காற்றோட்டம் தடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று எழுதி வந்த நாளிலிருந்து பல வீடுகளில் நோயாளி நாற்காலியோடு நாற்காலியாகிவிடுகிறார். தண்ணீர்ச் செம்பு கைக்கு வருகிறது, சாப்பாட்டுத் தட்டு மடிக்கு வருகிறது, ரேஷன் கடைக்குப் பேரன் போகிறான். எழுந்தாலே "அப்பா, நீங்க அலட்டிக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று மகள் ஓடி வருகிறாள். அக்கறைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதே அக்கறையில் ஆறேழு மாதம் போனால், கடைத்தெருவரை போய்வந்த மனிதர் கழிப்பறைக்குப் போகவே துணை தேடுகிறார். "நோய் முத்திப்போச்சு" என்கிறார்கள். மூச்சு ஊதும் சோதனையைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் நுரையீரல் அப்படியேதான் இருக்கும். தேய்ந்திருப்பது தொடை.

இந்தப் பயிற்சி முழுவதும் நிற்பது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான். உழைக்காத கால் தசை சீக்கிரம் களைத்து லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கும். அந்த அமிலத்தைச் சமாளிக்க உடம்பு கூடுதல் மூச்சு கேட்கும். ஏற்கெனவே மூச்சுக்குத் தட்டுப்பாடு உள்ளவரால் அதைக் கொடுக்க முடியாது, அதனால் இன்னும் குறைவாக நடப்பார், தசை இன்னும் தேயும். சேதமான நுரையீரலைப் பழையபடி ஆக்க எந்தப் பயிற்சியாலும் முடியாது. காலுக்குப் பலம் ஏற்றிவிட்டால், அதே நுரையீரலை வைத்துக்கொண்டு கூடுதல் தூரம் போகலாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015-ம் ஆண்டுத் தொகுப்பாய்வு 65 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,822 பேரையும் எடுத்துப் பார்த்தது. மூச்சிரைப்பு, களைப்பு, நடக்கும் திறன் மூன்றிலும் முன்னேற்றம் தெளிவாக இருந்ததால், பயிற்சி கொடுப்பதையும் கொடுக்காமல் விடுவதையும் ஒப்பிட்டு இனியும் ஆய்வு செய்யத் தேவையில்லை என்றே முடித்தார்கள். மருத்துவத்தில் அப்படிச் சொல்வது அபூர்வம்.

யாருக்கு இது?

பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வாழ்நாளில் ஒரு பீடியைத் தொடாமல், விறகடுப்பு முன்னால் முப்பது நாற்பது வருடம் ஊதுகுழலோடு உட்கார்ந்த அம்மாக்களுக்கும் இதே நோய் வருகிறது. காசநோய் குணமாகியும் தழும்பேறிய நுரையீரலோடு இருப்பவர்கள், மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்குபவர்கள், ஐ.எல்.டி. எனப்படும் நார்த்திசு நோய் உள்ளவர்கள், கட்டுப்பாட்டில் உள்ள ஆஸ்துமாக்காரர்கள் எல்லோருக்கும் பயன் உண்டு.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமதரையில் உங்கள் வயதுக்காரரோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்குகிறீர்களா? உங்கள் வேகத்தில் போனாலும் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறதா? நூறு மீட்டருக்குள் நிற்கிறீர்களா? சட்டை மாட்டும்போதே இரைக்கிறதா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் நெஞ்சக மருத்துவரிடம் இந்தப் பயிற்சியைப் பற்றி நீங்களாகவே கேளுங்கள். மருந்துச் சீட்டு எழுதும் அவசரத்தில் அவர் மறந்திருக்கலாம்.

சிலர் இப்போதைக்குத் தொடங்கக் கூடாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், சளியில் காசநோய்க் கிருமி இருப்பவர்கள், சளியோடு ரத்தம் வருபவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள் முதலில் அதற்கான வைத்தியத்தை முடிக்க வேண்டும். வயதும் நோயின் கடுமையும் தடையல்ல. வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களும் செய்கிறார்கள்.

முதல் படி: எங்கே நிற்கிறோம் என்று அளந்துகொள்வது

மருத்துவமனையில் எடுக்கும் சோதனைகளில் உங்களுக்கு மிகவும் உதவப்போவது ஆறு நிமிட நடைச் சோதனை. ஊசி கிடையாது, குழாய் கிடையாது. தாழ்வாரத்தில் 30 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, "ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் போக முடியுமோ போங்க. ஓடாதீங்க. முடியலன்னா நின்னுக்கலாம், சுவத்துல சாஞ்சுக்கலாம். ஆனா கடிகாரம் நிக்காது" என்று சொல்லி அனுப்புவார்கள். முதல் சுற்றில் பலரும் வீராப்பாகப் பாய்ந்துவிட்டு மூன்றாவது நிமிடத்தில் சுவரைப் பிடிப்பார்கள். அதனால்தான் அரை மணி நேரம் கழித்து இரண்டாவது முறையும் நடக்கவிட்டு, இரண்டில் கூடுதலான தூரத்தைக் குறித்துக்கொள்வது வழக்கம். எத்தனை மீட்டர், ஆக்சிஜன் எதுவரை இறங்கியது, மூச்சிரைப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற மூன்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அந்த மீட்டர் கணக்கிலிருந்துதான் உங்கள் நடைப்பயிற்சியின் வேகம் கிடைக்கும். உதாரணமாக, 6 நிமிடத்தில் 240 மீட்டர் போனீர்கள் என்றால் நிமிடத்துக்கு 40 மீட்டர். பயிற்சியை அதில் 80 சதவீத வேகத்தில் வைப்பது வழக்கம், அதாவது நிமிடத்துக்கு 32 மீட்டர். வீட்டு வாசலிலோ தெருவிலோ 10 மீட்டர் அளந்து சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். இந்த உதாரணத்தில், ஒரு நிமிடத்தில் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு மூன்று முறைக்குச் சற்றே கூடுதலாகக் கடந்தால் அதுதான் உங்கள் வேகம். மொட்டை மாடி வேண்டாம். அங்கே ஏறிச் சேர்வதற்குள்ளேயே அன்றைய தெம்பு தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: மூச்சை வெளியே விடப் பழகுவது

இரைக்கும்போது எல்லோரும் சொல்வது "உள்ள இழுக்க முடியலையே" என்பதுதான். சி.ஓ.பி.டி.யில் சிக்கல் வேறு பக்கம் இருக்கிறது. குழாய்கள் சுருங்கியிருப்பதால் உள்ளே போன காற்று வெளியேற நேரம் எடுக்கும். அது முழுதாக வெளியேறும் முன்பே பதற்றத்தில் அடுத்த மூச்சை இழுக்கிறோம். பழைய காற்று தேங்கித் தேங்கி நெஞ்சுக்கூடு நிரம்பிவிடுகிறது, பிறகு புதுக் காற்றுக்கு இடமே இல்லை.

இதற்கு உதடு குவித்த மூச்சு. தோளைத் தளர்த்தி உட்காருங்கள். வாயை மூடி மூக்கு வழியாக 'ஒன்று, இரண்டு' என்று எண்ணும் நேரம் இழுங்கள். ஆழமாக இழுக்க வேண்டியதில்லை, சாதாரணமாகவே போதும். பிறகு சூடான டீயை ஆற்ற ஊதுவதுபோல உதட்டைக் குவித்து நாலு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வயிற்றை அழுத்தித் தள்ள வேண்டாம், கன்னம் உப்ப வேண்டாம். உதட்டில் ஏற்படும் சிறு தடை குழாய்களுக்குள் அழுத்தத்தைத் தக்கவைத்து, அவை முன்கூட்டியே மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. உட்கார்ந்தபடி நன்றாகப் பழகியபின் நடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அடிக்கு இழுத்து, நாலு அடிக்கு விட வேண்டும். மாடிப்படியில் நின்று இழுங்கள், ஏறும்போது விடுங்கள். ஐ.எல்.டி. உள்ளவர்களுக்கு இந்த உத்தி பெரிதாக உதவாது. அவர்கள் வேகத்தைக் குறைத்து, ஆக்சிமீட்டரைப் பார்த்தே நடக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை வாங்கி வைத்து "டெய்லி ஊதறேன் சார், போதாதா?" என்று கேட்பவர்கள் அதிகம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுரையீரலை விரிக்க அது பயன்படும். நடைக்கு அது மாற்று அல்ல. பலூன் ஊதுவதும் அப்படித்தான். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சும், கும்பகம் என்று மூச்சைப் பிடித்து வைப்பதும் காற்று தேங்கும் நோயாளிக்கு ஏற்றவை அல்ல. யோகா பிடித்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் எளிய அசைவுகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: நடை

நேரம் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. காலையில் எழுந்தவுடன் சளி கட்டியிருக்கும். முதலில் சுடுதண்ணீர் குடித்து, சளியை வெளியேற்றிவிடுங்கள். தொண்டை புண்ணாகும்படி இருமத் தேவையில்லை. ஓரளவு மூச்சை இழுத்து, கண்ணாடியில் ஆவி பிடிக்க ஊதுவோமே, அதே 'ஹா' என்ற ஊதலை இரண்டு முறை அழுத்தமாகச் செய்தால் சளி மேலே ஏறி வரும், ஓர் இருமலில் வெளியே வந்துவிடும். மருத்துவர் நடைக்கு முன் எடுக்கச் சொல்லிய இன்ஹேலர் இருந்தால் 15 நிமிடம் முன்பே எடுங்கள். சாப்பிட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், வயிறு நிறைந்திருந்தால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்க இடமிருக்காது. மார்கழிப் பனியிலும் போகி அன்றும் தீபாவளி வாரத்திலும் வெளியே போகாமல் ஹாலிலேயே நடங்கள். ஹாலில் கொசுவர்த்திச் சுருளோ சாம்பிராணியோ புகையக் கூடாது.

தொடக்கத்தில் 2 நிமிடம் நடை, 1 நிமிடம் ஓய்வு என்று ஐந்து தடவை போதும். மொத்தம் 10 நிமிடம் நடந்திருப்பீர்கள். அதுவும் முடியாதவர்கள் ஒரு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நிற்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் நடக்கப் பாருங்கள். அது சுலபமாகிவிட்டால் முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு ஓய்வைக் குறையுங்கள், கடைசியாகத்தான் வேகம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் நடப்பது இலக்கு.

எவ்வளவு இரைக்கலாம்? பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை, பத்து என்றால் இதற்குமேல் தாங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நாலிலிருந்து ஆறுக்குள் இருக்க வேண்டும். மூன்று நாலு வார்த்தை பேசி மூச்சு வாங்கி, மீண்டும் பேச முடிகிற நிலை அது. தாராளமாக அரட்டை அடிக்க முடிந்தால் பயிற்சி போதவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால் அதிகம். மூச்சு வாங்குவதே ஆபத்து என்ற பயத்தை உடைப்பதற்குத்தான் முதல் இரண்டு வாரம் யாராவது பயிற்சியாளர் கூட இருப்பது நல்லது. நின்று, முன்னால் சாய்ந்து, கையை முட்டியிலோ திண்ணையிலோ ஊன்றி உதடு குவித்து விட்டால் சில நிமிடங்களில் அது தணிந்துவிடும் என்பதை உடம்பே ஒருமுறை அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தியில் சொன்னால் ஏறாது.

ஆக்சிமீட்டர் 88-க்குக் கீழே போனால் நில்லுங்கள். 90-க்கு மேல் வந்தபின் மெதுவாகத் தொடரலாம். ஓய்விலேயே 90-க்குக் கீழ் இருப்பவர்களுக்கு எந்த எண் எல்லை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். விரல் சில்லிட்டிருந்தாலும் நகச்சாயம் பூசியிருந்தாலும் கருவி தப்பாகக் காட்டும். மாட்டியவுடன் தெரியும் எண்ணை நம்பாதீர்கள், அரை நிமிடம் நிலைக்கட்டும். ஆக்சிஜன் மெஷின் உள்ளவர்கள் நடக்கும்போது எத்தனை லிட்டர் என்று தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரைக்கிறதே என்று நீங்களாக ஏற்ற வேண்டாம். சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கு அதிக ஆக்சிஜனால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, தலைவலியும் தூக்கக் கலக்கமும் வந்துவிடும். விளக்கு, ஊதுபத்தி, அடுப்புப் பக்கம் அந்தக் குழாயோடு போகவே கூடாது.

நெஞ்சு வலி, தலைசுற்றல், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, உதடு நீலம் பாய்வது இவற்றில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. உட்கார்ந்தும் தணியவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான்காம் படி: தசைக்குப் பலம்

வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஜிம் வேண்டாம். சுவரோரம் போட்ட, கை இல்லாத கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்த பயிற்சி. எழும்போது மூச்சை விட வேண்டும். எட்டு முதல் பத்து முறை, கொஞ்சம் இளைப்பாறி இன்னொரு சுற்று. வாசப்படியில் ஒரு படி ஏறி இறங்குவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என ஒவ்வொன்றாகச் சேருங்கள். கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், அரை கிலோ எடை. பழகியபின் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு மாறலாம்.

தசை வளர வயிற்றுக்கும் ஏதாவது போக வேண்டும். மெலிந்தவர்கள் கஞ்சியோடு நிறுத்தினால் இத்தனை பாடும் வீண். முட்டை, மீன், பருப்பு, வேர்க்கடலை, தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள்.

குளியலறையும் அலமாரியும்

"நடக்கிறேன் மேடம், ஆனா குளிச்சா செத்துப் பிழைக்கிறேன்" என்பார்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்கினாலே மூச்சுக்கு உதவிக்கொண்டிருந்த கழுத்துத் தசைகள் கையைத் தாங்கப் போய்விடும், உடனே இரைக்கும். அதனால் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுங்கள். வாளியைத் தரையில் வைத்துக் குனிந்து மொள்ளாமல், இன்னொரு ஸ்டூலில் இடுப்பு உயரத்துக்கு வையுங்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் அந்த நொடியில் மூச்சைப் பிடிக்காதீர்கள், விடுங்கள். அங்கேயே நின்று துவட்ட வேண்டாம். பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் பாதி ஈரம் தானாகவே போய்விடும். வேட்டி, பாவாடை, கால்சட்டை எல்லாம் உட்கார்ந்தே மாட்டலாம். தலை வாரும்போது முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அன்றாடம் எடுக்கும் சாமான்கள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும்படி அலமாரியை ஒருநாள் உட்கார்ந்து மாற்றச் சொல்லுங்கள். தரைக்கழிப்பறையில் உட்கார்ந்து எழுவது சிரமமானால் உயரமான பேஸினோ கமோடு நாற்காலியோ வைத்துவிடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு. எல்லாவற்றையும் செய்து கொடுக்காதீர்கள். கொத்தமல்லி ஆய்வது, துணி மடிப்பது, பக்கத்துக் கடையில் பால் வாங்குவது என்று அவரால் முடிந்ததை அவரிடமே விடுங்கள். நேரமாகும். ஆகட்டும்.

எங்கே போவது?

தாம்பரம் சானடோரியத்தில் 1928-ல் தொடங்கி இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக இருக்கும் இடம் பலருக்கும் தெரிந்ததுதான். மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவும் பிசியோதெரபிப் பிரிவும் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள், ஒன்று மற்றொன்றுக்குச் சீட்டு எழுதித் தர வேண்டியிருக்கும். பெரிய ஊர்களைத் தாண்டினால் இதற்கென்று தனி மையங்கள் குறைவு. வெளியே வரவே முடியாதவர்கள், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் இந்தப் பயிற்சியைக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் செய்தால் பலிக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு குழுவினரின் வீட்டுக்குப் பயிற்சியாளர் ஒரே ஒரு முறைதான் போனார். பிறகு வாரம் ஒரு போன், மொத்தம் எட்டு வாரம். மையத்துக்குப் போய்ப் பயிற்சி செய்தவர்களுக்குக் கிடைத்த பலன் ஏறக்குறைய இவர்களுக்கும் கிடைத்தது. ஆகவே மையத்திலிருக்கும் பயிற்சி இயந்திரத்தைவிட அந்த வாராந்திரப் போன்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் கேட்கிறார் என்றால்தான் நோட்டில் எழுதுகிறோம், நோட்டில் எழுத வேண்டுமே என்றுதான் நடக்கிறோம். போன் செய்ய ஆளில்லையா? வெளியூரிலிருக்கும் மகனை ஞாயிற்றுக்கிழமை "சாப்பிட்டாச்சா" என்பதோடு "எத்தனை நிமிஷம் நடந்தீங்க" என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

பீடி, சிகரெட்டை இன்னும் விடாதவர்களும் பயிற்சியைத் தொடங்கலாம். விட்டபிறகு வருகிறேன் என்று தள்ளிப்போட வேண்டாம். விட உதவி வேண்டுமானால் 1800-11-2356 என்ற இலவச தேசியப் புகையிலை விடுப்பு எண் இருக்கிறது.

எட்டு வாரத்துக்குப் பிறகு

அதே தாழ்வாரத்தில் ஆறு நிமிடச் சோதனையைத் திரும்ப எடுங்கள். 30 மீட்டர் கூடியிருந்தால் அது அன்றாட வாழ்க்கையில் தெரியும் முன்னேற்றம். தூரம் கூடாதவர்களும் உண்டு. அவர்கள் மூச்சிரைப்பு மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும், அதே தூரத்துக்கு ஏழு என்று சொன்னவர் இப்போது நாலு என்கிறாரா என்று. மூச்சு ஊதும் சோதனையின் எண் மாறவில்லையே என்று கவலைப்படாதீர்கள், அது மாறாது. பயிற்சியை நிறுத்தினால் கிடைத்த பலன் ஆறு மாதம், ஒரு வருடத்தில் கரைந்துவிடும்.

நடுவில் சளி பிடித்து நோய் முற்றும் நாட்கள் வரத்தான் செய்யும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, அளவு கூடி, இரைப்பும் அதிகமானால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூ தடுப்பூசியை வருடந்தோறும் போட்டால் இந்த நாட்கள் குறையும். நிமோனியா தடுப்பூசியையும் கேளுங்கள். மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்கள் "உடம்பு தேறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். வீட்டுக்கு வந்த நாலு வாரத்துக்குள் மீண்டும் தொடங்குவதே நல்லது. விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதி நேரத்தில் ஆரம்பியுங்கள். 20 நிமிடம் நடந்தவர் 10 நிமிடம், அதையும் இரண்டிரண்டு நிமிடமாக.